சுவரே சான்று: கியூ அரண்மனையை வகுப்பறையில் வாசிப்போம்

வரலாற்றுப் பாடத்தில் 'சான்றுகள்' என்ற பகுதி ஏதாவது ஒரு வடிவில் எல்லா வகுப்புகளிலும் வருகிறது. கல்வெட்டு, நாணயம், செப்பேடு, இலக்கியம், கட்டடம் என்று பட்டியல் சொல்கிறோம். மாணவர்களும் அதைத் தேர்வில் தவறில்லாமல் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு கட்டடத்தின் படத்தைக் காட்டி, "இது உங்களுக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "பழமையானது", "அழகாக இருக்கிறது" என்பதோடு பதில் நின்றுவிடும். பட்டியல் தெரிகிறது, ஆனால் கட்டடத்தை வாசிக்கத் தெரியவில்லை.

அந்த வாசிப்பைப் பழக்குவதற்காக உயர்நிலை வகுப்புகளில் மூன்று பாடவேளைகளில் நான் நடத்தும் ஒரு பயிற்சியை இங்கே பகிர்கிறேன். பாடப்பொருள், லண்டன் மாநகரின் மேற்கே கியூ தாவரவியல் தோட்டத்துக்குள் நிற்கும் ஒரு செங்கல் வீடு. இன்று அதன் பெயர் கியூ அரண்மனை.

ஏன் இந்த வீடு?

நம் ஊர்க் கோயிலையே எடுத்துக்கொள்ளலாமே என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. எடுத்துக்கொள்ளலாம்; இறுதியில் உள்ளூருக்குத்தான் வரவேண்டும். ஆனால் தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. தெரிந்த கோயிலின் படத்தைக் காட்டியதும் மாணவர்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே கேள்விப்பட்ட கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். முன்பின் அறியாத வீடு என்றால் கதை கிடையாது. கண்ணைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வீட்டின் முக்கியமான பொருள் செங்கல். அது நம் மாணவர்களுக்கு அந்நியமானதல்ல. பலருடைய வீடுகளில் கொத்தனார்களும் சித்தாள்களும் இருக்கிறார்கள். சிலருடைய குடும்பங்கள் ஆண்டில் பாதியைச் செங்கல் சூளையில் கழிக்கின்றன. வீடு அந்நியம், கல் சொந்தம் என்ற இந்தச் சேர்க்கைதான் பாடத்துக்கு உயிர் கொடுக்கிறது.

ஆசிரியர் அறிந்துகொள்ள வேண்டியவை

இந்த வீடு 1631இல் சாமுவேல் ஃபோர்ட்ரி என்ற லண்டன் வணிகருக்காகக் கட்டப்பட்டது. அவருடைய முன்னோர் இன்றைய பெல்ஜியம், வட பிரான்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறியவர்கள். தேம்ஸ் நதிக்கு அருகில், நகர இரைச்சலிலிருந்து விலகி, வசதியான வணிகர் ஒருவர் கட்டிக்கொண்ட வீடு இது. அரச குடும்பத்துக்கும் இதற்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி கரோலின் அரசி இந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டு வாடகை 100 பவுண்டு. அதோடு ஒரு கொழுத்த பெண் மான். இந்த வாடகையைச் சொன்னால் வகுப்பு ஒருமுறை சிரிக்கும், பிறகு மறக்காது. 1781இல் மூன்றாம் ஜார்ஜ் வீட்டை விலைக்கே வாங்கினார். நோயுற்ற காலங்களில் அவர் இங்கே தங்கவைக்கப்பட்டார். அவருடைய மனைவி சார்லட் அரசி 1818 நவம்பரில் இந்த வீட்டில்தான் இறந்தார்.

கியூ பகுதியில் இதைவிடப் பெரிய அரச மாளிகைகள் இருந்தன. எதிரில் நின்ற 'வெள்ளை மாளிகை' 1802இல் இடிக்கப்பட்டது. மூன்றாம் ஜார்ஜ் ஆற்றங்கரையில் கோட்டை வடிவில் எழுப்பிய புதிய அரண்மனை முற்றுப்பெறாமலேயே நின்று, அவர் மகன் காலத்தில் தகர்க்கப்பட்டது. மன்னர்களுக்காகக் கட்டியவை போய்விட்டன. வணிகர் கட்டிய வீடு நிற்கிறது. பிரிட்டிஷ் அரச அரண்மனைகளில் மிகச் சிறியது இதுதான்.

இவற்றை ஆசிரியர் தெரிந்து வைத்திருந்தால் போதும். முதல் பாடவேளையில் ஒன்றையும் சொல்ல வேண்டாம்.

முதல் பாடவேளை: மூன்று நிரல்கள்

வீட்டின் முன்பக்கப் படத்தை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் திரையில் காட்டுகிறேன். அந்த வசதி இல்லாத இடத்தில் அச்சிட்ட படம் குழுவுக்கு ஒன்று கொடுத்தால் போதும். பெயர், நாடு, ஆண்டு எதையும் சொல்வதில்லை. மூன்று நிமிடம் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு குறிப்பேட்டில் மூன்று நிரல்கள் வரையச் சொல்கிறேன்.

1. கண்டது: படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிவது மட்டும்.
2. கருதியது: கண்டதிலிருந்து நாமாக முடிவு செய்வது. எதிலிருந்து என்று சொல்ல வேண்டும்.
3. கேட்டது: யாரோ சொன்னது, எங்கோ படித்தது.

முதல் முறை செய்யும்போது எல்லாமே முதல் நிரலில் வந்து விழும். "பணக்காரர் வீடு" என்று ஒருவர் எழுதுவார். "அதை எங்கே பார்த்தாய்? விரல் வைத்துக் காட்டு" என்று கேட்டால், நிறைய ஜன்னல்களைக் காட்டுவார். அப்படியென்றால் கண்டது 'நிறைய ஜன்னல்கள்'; கருதியது 'பணக்காரர் வீடு'. இந்த ஒரு பிரிப்பைப் பிடித்துக்கொள்ள அரை மணி நேரம் ஆகலாம். ஆகட்டும். பாடத்தின் பாதி அதுதான்.

மாணவர்கள் வழக்கமாகக் கண்டுபிடிப்பவை இவை: சுவர் முழுவதும் சிவப்பு. உச்சியில் மூன்று முகட்டுச் சுவர்கள் வளைந்து வளைந்து ஏறி, தலையில் சிறு மகுடம் போல முடிகின்றன. நடுவில் கோடு போட்டால் வலமும் இடமும் ஒத்துப்போகின்றன. கணிதத்தில் படித்த சமச்சீர்க் கோட்டை ஒருவராவது நினைவுபடுத்துவார். ஜன்னல்களைச் சுற்றிச் செங்கற்கள் பிதுங்கி நிற்கின்றன. நடுப்பகுதியில் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் தெரிகின்றன.

அந்த அரைத்தூண்களை நெருக்கமாகக் காட்டும் படம் ஒன்றும் வைத்திருங்கள். தூரத்தில் கல் வேலை போலத் தெரிவது அருகில் போனால் செங்கல். கிரேக்க, ரோமானியக் கட்டடங்களில் கல்லில் செதுக்கிய வடிவங்களை இங்கே செங்கல்லை அறுத்தும் தேய்த்தும் உருவாக்கியிருக்கிறார்கள். அக்காலத்து லண்டன் கொத்தனார்களுக்கு இந்தக் கலை கைவந்திருந்தது.

அடுத்து வாசலுக்கு மேலே பார்க்கச் சொல்கிறேன். அங்கே 1631 என்ற ஆண்டும், ரோமன் எழுத்துகளில் எஃப், எஸ், சி என்ற மூன்று எழுத்துகளும் இருக்கின்றன. எஸ், சி இரண்டையும் ஒரு முடிச்சு இணைக்கிறது. இதைக் கண்டது நிரலில் எழுதலாம். இது யாருடைய பெயர்? மாணவர்கள் ஊகிப்பார்கள். கட்டியவர், ராஜா, கடவுள் என்று பலவும் வரும். இந்த இடத்தில்தான் ஆவணம் தேவைப்படுகிறது. எஃப் குடும்பப் பெயரான ஃபோர்ட்ரி, எஸ் சாமுவேல், சி அவர் மனைவி கேதரின். கணவனும் மனைவியும் முடிச்சால் இணைந்திருக்கிறார்கள். சுவர் எழுத்தைக் கொடுத்தது. பெயரை ஆவணம் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோது பொருள் கிடைத்தது.

என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "கட்டுனவங்க பேரு எங்க டீச்சர் இருக்கு?" வாசலில் இல்லை. அவளுடைய கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன். மூன்று பாடவேளையும் அது அழிக்கப்படாமல் இருந்தது.

ஜன்னல் சொல்லும் ஆண்டு

முதல் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களில் ஒரு புதிர் கொடுக்கிறேன். இந்த வீட்டின் ஜன்னல்கள் மேலும் கீழும் நகரும் கண்ணாடிச் சட்டங்கள் கொண்டவை. இந்த வகை ஜன்னல் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது 1670களுக்குப் பிறகு. வாசலில் இருக்கும் ஆண்டோ 1631. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன?

"வாசலில் இருப்பது பொய்" என்று சிலர் சொல்வார்கள். "ஜன்னலைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம்" என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். நாம் சொல்லக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பழைய ஜன்னல்களை அகற்றிவிட்டு இவற்றைப் பொருத்தினார்கள் என்பதே உண்மை. ஒரு கட்டடத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே வயது இருக்க வேண்டியதில்லை என்பது இங்கே பிடிபடுகிறது.

பிறகு இரண்டு தகவல்களைச் சேர்க்கிறேன். வீட்டின் அடியில் செங்கல் வளைவுக் கூரை கொண்ட ஒரு நிலவறை இருக்கிறது. அது இதே இடத்தில் முன்பு நின்ற பதினாறாம் நூற்றாண்டு வீட்டின் எச்சம். அதாவது வீட்டின் கால்கள் வீட்டைவிட வயது கூடியவை. இன்று நாம் பார்க்கும் பளிச்சென்ற சிவப்போ மிக அண்மைக்காலத்தது. சுவரில் எஞ்சியிருந்த பழைய பூச்சின் தடயங்களை ஆராய்ந்து, அதே முறையில் சிவப்பு நிறமிட்ட சுண்ணாம்புக் கரைசலைப் பூசினார்கள். நீண்ட சீரமைப்புக்குப் பின் வீடு 2006இல் மீண்டும் திறக்கப்பட்டது.

நிலவறை, சுவர், ஜன்னல், நிறம் என்று ஒரே பார்வையில் நான்கு காலங்கள் தெரிகின்றன. இந்த நான்கையும் காலக்கோட்டில் குறிக்கச் சொல்வது நல்ல வீட்டுப்பாடம்.

இரண்டாம் பாடவேளை: செங்கல்லின் கணக்கு

இந்தப் பாடவேளையைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்துவது சிறப்பு. ஒரு செங்கல்லும் அளவுகோலும் வரைபடத்தாளும் போதும்.

முதலில் சொற்கள். செங்கல்லின் நீளப் பக்கம் வெளியே தெரியும்படி வைத்தால் அதை நெடுக்குக் கல் என்போம். கட்டையான பக்கம் வெளியே தெரியும்படி, நீளம் சுவருக்குள் போகும்படி வைத்தால் குறுக்குக் கல். பொறியியல் நூல்கள் இவற்றை ஸ்ட்ரெச்சர், ஹெடர் என்று சொல்கின்றன. கல்லை அடுக்கும் முறைக்குப் பிணைப்பு என்று பெயர். கொத்தனார்கள் 'பாண்டு' என்பார்கள்.

நம் நாட்டின் தரப்படுத்தப்பட்ட மாடுலர் செங்கல் 190 மி.மீ. நீளம், 90 மி.மீ. அகலம், 90 மி.மீ. உயரம். இங்கிலாந்தில் இன்றைய செங்கல் 215 மி.மீ. நீளம், 102.5 மி.மீ. அகலம், 65 மி.மீ. உயரம். இரண்டிலும் சாந்துக்கு 10 மி.மீ. விடுகிறார்கள். "இந்த எண்களுக்குள் ஒரே உறவு ஒளிந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று விட்டுவிடுங்கள்.

2 × 90 + 10 = 190
2 × 102.5 + 10 = 215

நீளம் என்பது இரண்டு அகலமும் ஒரு சாந்து இடைவெளியும். இரண்டு குறுக்குக் கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சரியாக ஒரு நெடுக்குக் கல்லின் நீளம் வரும். அதனால்தான் இரண்டையும் கலந்து அடுக்க முடிகிறது. அகலம் ஏன் பத்து சென்டிமீட்டரை ஒட்டி இருக்கிறது? ஒரு செங்கல்லை ஒரே கையால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கையில் கரணை, மறு கையில் கல். கைக்குள் அடங்காத கல்லை வைத்து நாள் முழுக்க வேலை செய்ய முடியாது. எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது.

இப்போது இரண்டு பிணைப்புகள். ஆங்கிலப் பிணைப்பில் ஒரு வரி முழுக்க நெடுக்குக் கல், அடுத்த வரி முழுக்கக் குறுக்குக் கல் என்று மாறி மாறி வரும். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரும்பாலும் இதுதான் வழக்கம்; ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பழைய சுவர்களில் பார்க்கலாம். பிளெமிஷ் பிணைப்பில் ஒரே வரியில் நெடுக்கு, குறுக்கு, நெடுக்கு, குறுக்கு என்று மாறி மாறி வரும். மேல் வரியின் குறுக்குக் கல் கீழ் வரியின் நெடுக்குக் கல்லுக்கு நட்டநடுவில் அமரும். கியூ வீடு பிளெமிஷ் பிணைப்பில் கட்டியது. இங்கிலாந்தில் இந்த முறையைக் கையாண்ட தொடக்ககால வீடுகளில் இது ஒன்று. அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேய வீடுகளின் முகப்புகளை இந்தப் பிணைப்பே ஆண்டது.

வரைபடத்தாளில் நெடுக்குக் கல்லுக்கு 4 கட்டம், குறுக்குக் கல்லுக்கு 2 கட்டம் என்று வரையச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை: ஒரு வரியின் செங்குத்து இணைப்பு அடுத்த வரியின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது. நேராக வந்தால் விரிசல் அந்த வழியே ஓடும்.

மாணவர்கள் மூலையிலேயே மாட்டிக்கொள்வார்கள். முதல் வரி 4, 4, 4 என்று போகிறது. இரண்டாம் வரி 2, 2, 2 என்று போனால் நான்காம் கட்டத்தில் இணைப்புகள் நேராக வந்துவிடும். கொத்தனார்களின் தீர்வு எளிமையானது: மூலைக் குறுக்குக் கல்லுக்கு அடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த ஒரு மெல்லிய கல்லைச் செருகுவது. அதற்கு 1 கட்டம். இப்போது வரைந்து பார்க்கலாம்.

ஆங்கிலப் பிணைப்பு, 24 கட்டம்:
முதல் வரி: 4, 4, 4, 4, 4, 4
இரண்டாம் வரி: 2, 1, அதன்பின் ஒன்பது முறை 2, பிறகு 1, 2

பிளெமிஷ் பிணைப்பு, 22 கட்டம்:
முதல் வரி: 4, 2, 4, 2, 4, 2, 4
இரண்டாம் வரி: 2, 1, 4, 2, 4, 2, 4, 1, 2

எந்த இடத்திலும் இணைப்புகள் நேராக வராது. விடையை முதலில் தராமல் கால் மணி நேரம் திணற விடுங்கள். அந்தச் சிறு துண்டின் தேவையை அவர்களே உணரும்போது, கொத்தனார் வேலையில் இருக்கும் அறிவை உணர்கிறார்கள்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு இன்னொரு கணக்கு. மாடுலர் செங்கல்லால் ஒரு கல் கனமுள்ள சுவர் கட்டுகிறோம். சாந்தும் சேர்த்து நெடுக்குக் கல் 200 மி.மீ., குறுக்குக் கல் 100 மி.மீ. என்று கொள்வோம். மூலைகளை விட்டுவிட்டு, 600 மி.மீ. நீளத்தில் இரண்டு வரிகளை மட்டும் எண்ணுவோம்.

ஆங்கிலப் பிணைப்பில் வெளியே தெரியும் கற்கள்: நெடுக்கு 3, குறுக்கு 6, மொத்தம் 9.
பிளெமிஷ் பிணைப்பில் வெளியே தெரியும் கற்கள்: ஒரு வரிக்கு நெடுக்கு 2, குறுக்கு 2, இரண்டு வரிக்கு 8.

சுவருக்குள் மறைந்திருக்கும் கற்களையும் சேர்த்தால்? நெடுக்குக் கல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்னொரு நெடுக்குக் கல் இருக்கும். ஆங்கிலப் பிணைப்பில் 6 + 6 = 12. பிளெமிஷ் பிணைப்பில் 8 + 4 = 12. மொத்தக் கல் ஒன்றேதான். ஆனால் முகப்பில் தெரியும் கல் ஒன்பதுக்கு எட்டு.

"இதனால் யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள். நிறமும் விளிம்பும் குறையாத முதல்தரக் கல் முகப்புக்கு வேண்டும். உள்ளே சற்று மட்டமான கல் போதும். முகப்புக் கல்லில் ஒன்பதில் ஒரு பங்கு மிச்சம். பின்னமும் விழுக்காடும் ஒரு வீட்டுக்காரரின் கணக்கு நோட்டுக்குள் வந்துவிடுகின்றன.

நெருப்பைப் பார்த்த முகம்

இந்தப் பாடவேளையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலேயச் செங்கல் சுவர்கள் சிலவற்றில் குறுக்குக் கற்கள் மட்டும் கருநீலமாக மினுங்கி, சுவரில் சதுரங்க அட்டை போன்ற கோலத்தை உண்டாக்கும். அப்படி ஒரு சுவரின் படத்தைக் காட்டி, ஒரே மண்ணில் செய்த கல்லுக்கு ஏன் இரண்டு நிறம் என்று கேட்டேன். சாயம் பூசியிருப்பார்கள் என்பதே பெரும்பாலோர் பதில்.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். சூளை வேலைக்குப் பெற்றோருடன் போவதால் வருகையில் இடைவெளி விழும் பையன்; வகுப்பில் அதிகம் பேசுபவன் அல்ல. "நெருப்புக்குப் பக்கத்துல இருந்த கல்லு டீச்சர். அந்த மூஞ்சி மட்டும் உருகி, கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றான். சூளையில் எந்த வரிசைக் கல் அதிகம் வேகும், எது வேகாமல் நிற்கும், இரண்டு கல்லைத் தட்டினால் எழும் ஓசையை வைத்து நன்றாக வெந்த கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஐந்து நிமிடம் சொன்னான். அவன் சொன்னது சரி. நெருப்பை நேரே பார்த்த முகம் மிகுந்த வெப்பத்தில் கண்ணாடித்தன்மை அடைகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலேயச் சூளைக்காரர்களும் அதைத்தான் கண்டார்கள். கொத்தனார்கள் அந்தக் கற்களைப் பொறுக்கியெடுத்து அழகு செய்தார்கள்.

அந்த மாணவனின் குடும்பம் செய்யும் தொழிலை வகுப்பு அதுவரை வறுமையின் அடையாளமாக மட்டுமே பார்த்திருந்தது. அன்று அது அறிவாக மதிக்கப்பட்டது. பாடத்திட்டத்தில் இதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அடுத்த நாள் அவன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தான். இதை ஆசிரியர்களாகிய நாம் மட்டும்தான் கவனிக்க முடியும்.

பெயர் சான்று ஆகுமா?

மூன்றாம் பாடவேளையின் தொடக்கத்தில் மூன்று தகவல்களை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வீட்டுக்கு நெடுங்காலமாக வழங்கிய பெயர் 'டச்சு வீடு'. கட்டுவித்தவரின் முன்னோர் பிளெமிஷ் நிலப்பகுதியிலிருந்து வந்தவர்கள். சுவரின் பிணைப்புக்குப் பெயர் பிளெமிஷ் பிணைப்பு. இதிலிருந்து என்ன தெரிகிறது?

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும்: வீட்டுக்காரர் தம் சொந்த ஊர்ப் பாணியில் வீடு கட்டிக்கொண்டார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளெமிஷ் பிணைப்பு என்று நாம் சொல்லும் முறை பிளெமிஷ் பகுதியின் பழைய கட்டடங்களில் பரவலாகக் காணப்படுவதில்லை. அந்தப் பெயர் இங்கிலாந்தில் வழங்கிய பெயர். வளைந்த முகட்டுச் சுவர்களோ, நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்த அச்சுப் படங்களின் தாக்கத்தால் அப்போது லண்டனைச் சுற்றிப் பல ஆங்கிலேயர்களும் விரும்பிக் கட்டியவை. வீட்டுக்காரரின் வேர் வெளிநாட்டில் இருந்தது உண்மை. பெயர்கள் ஒத்துப்போவதை மட்டும் வைத்து, வீட்டின் பாணி அவருடைய ஊரிலிருந்து நேராக வந்தது என்று முடிவு கட்ட முடியாது.

இப்போது முதல் நாள் வரைந்த மூன்று நிரல்களுக்குத் திரும்புங்கள். 'டச்சு வீடு', 'பிளெமிஷ் பிணைப்பு' என்ற பெயர்கள் எந்த நிரலில் வரும்? மூன்றாவதில், கேட்டது. நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி வருவது முதல் நிரல்; கண்டது. கேட்டதைக் கண்டதாக நினைத்துக்கொள்வதால்தான் தவறான வரலாறு பிறக்கிறது. இட்டுக்கட்டிய செய்தியும் கைப்பேசியில் பரவும் வதந்தியும் இதே வழியில்தான் நம்மை ஏமாற்றுகின்றன. பதின்ம வயது மாணவர்களிடம் இந்த ஒப்பீட்டைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாம் பாடவேளை: பள்ளிச் சுவர்

இனி உள்ளூர். ஆங்கிலேயர் காலத்துப் பொறியியல் வழியாகத்தான் இந்த இரண்டு பிணைப்புகளின் பெயர்களும் நம் பாலிடெக்னிக் பாடநூல்களுக்கும் கொத்தனார்களின் பேச்சுக்கும் வந்து சேர்ந்தன. எனவே பூச்சு இல்லாத செங்கல் சுவர் ஒன்றைத் தேடிப் போகிறோம். பள்ளிச் சுற்றுச்சுவரின் பின்புறம், பாதி கட்டிய கட்டடம், பழைய ரயில் நிலையம், ஊர்க் கிணற்றடி எதுவாகவும் இருக்கலாம். வேலை நடக்கும் இடம் என்றால் உரியவர் அனுமதியோடு, பாதுகாப்பான தூரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்:

1. வெளியே தெரிவது நெடுக்குக் கல் மட்டுமா, குறுக்குக் கல்லும் உண்டா?
2. குறுக்குக் கல் ஒன்றுகூட இல்லையென்றால் சுவரின் கனம் என்னவாக இருக்கும்?
3. எந்தப் பிணைப்பு? மூலையில் சிறு துண்டு இருக்கிறதா?
4. ஏதாவது ஒரு பகுதியில் கல்லின் அளவோ நிறமோ சாந்தோ மாறுகிறதா? மாறினால் ஏன்?
5. அடைக்கப்பட்ட வாசல் அல்லது ஜன்னலின் தடம் தெரிகிறதா?

இரண்டாம் கேள்வி முக்கியமானது. நெடுக்குக் கல் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் அரைக்கல் கனம். கொத்தனார் மொழியில் நாலரை இஞ்சுச் சுவர். குறுக்குக் கல்லும் கலந்து தெரிந்தால் ஒன்பது இஞ்சோ அதற்கு மேலோ. சுவரைத் துளைக்காமலேயே அதன் கனத்தைச் சொல்லிவிடலாம். மாணவர்கள் அளந்து சரிபார்க்கும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பெருமிதத்தைப் பார்க்க வேண்டும்.

வாய்ப்பிருந்தால் ஒரு பெற்றோரை, கொத்தனாரையோ சூளைத் தொழிலாளியையோ, வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி வைத்தால் யாராவது முன்வருவார்கள். அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, மாணவர்கள் குறிப்பெடுக்க வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வரலாற்றைத் தொட வேண்டியதில்லை. கணிதத்தில் வரும் 'அமைப்புகள்' பகுதிக்கு இது பொருத்தமான செயல்பாடு. காலித் தீப்பெட்டிகளைக் கொண்டு நெடுக்கு, குறுக்கு, நெடுக்கு, குறுக்கு என்று அடுக்கட்டும். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கட்டும். ஒரு சுவரை இணைப்புகள் நேர்கோட்டில் வரும்படியும், இன்னொன்றை மாற்றி மாற்றியும் அடுக்கி, விரலால் மெல்லத் தள்ளி எது முதலில் சரிகிறது என்று பார்க்கட்டும். விளக்கம் சொல்லாமலேயே பிணைப்பின் பயன் புரிந்துவிடும். தீப்பெட்டியில் நீளம் அகலத்தைப் போல் சரியாக இரு மடங்கு இருக்காது; பெரிய குழந்தைகள் அதை அளந்து கண்டுபிடித்தால் பாராட்டுங்கள்.

மதிப்பீடு

இதற்குத் தனியாகத் தேர்வு வேண்டாம். ஒவ்வொரு மாணவரும் தன் ஊரில் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு மூன்று நிரல்களையும் நிரப்பி ஒரு பக்கம் எழுத வேண்டும். மதிப்பிடும்போது மூன்றை மட்டும் பார்க்கிறேன். கண்டதில் குறைந்தது ஐந்து செய்திகள் இருக்கின்றனவா? ஒவ்வொரு கருத்துக்கும் எதிலிருந்து அது வந்தது என்ற குறிப்பு இருக்கிறதா? கேட்டதை யாரிடம் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாரா? எழுத்து நடைக்கும் படத்தின் அழகுக்கும் மதிப்பெண் குறைப்பதில்லை. எழுதத் தடுமாறும் மாணவர்கள் சுவரின் முன்னால் நின்று வாய்மொழியாகச் சொல்லலாம்.

கியூ வீட்டின் அரசர், அரசியர் பெயர்களை மாணவர்கள் மறந்துவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஒரு சுவரைக் கடக்கும்போது கல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று நின்று பார்த்தால் போதும். யாராவது ஒரு செய்தியை உறுதியாகச் சொல்லும்போது, "இது கண்டதா, கருதியதா, கேட்டதா?" என்று கேட்டால் அதைவிட மேல். கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்த அந்த மாணவியின் கேள்விக்கு வாசலில் விடை இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் மூலையில் கவனமாகப் பிளந்து செருகிய அந்தச் சிறு துண்டில் கட்டியவர்களின் கை இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தால், பெயர் பொறிக்கப்படாதவர்களும் வரலாற்றுக்குள் வந்துவிடுவார்கள்.